அரைத்த இறைச்சி உள்ளே வெந்துவிட்டதா? பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பேர்கரைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் இன்னும் சிவப்பாக இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா? கூடாது. மாடு, ஆடு, பன்றி, கோழி எதுவானாலும், அரைத்த இறைச்சி அரைவேக்காடாகப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

நம் வீட்டு கட்லட், ரோல்ஸ், பற்றீஸ் எல்லாம் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடுகின்றன. உள்ளே வைக்கும் மின்ஸை வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு போட்டுத் தாச்சியில் நன்றாக வேகவைத்துப் பிரட்டிய பிறகுதான் உருட்டுகிறோம். எண்ணெயில் பொரிப்பது வெளிப்புறம் முறுகுவதற்காக மட்டும். பேர்கர், கபாப், மீட்போல், லம்ப்ரைஸுக்குள் வைக்கும் ஃபிரிக்கடெல் போன்றவற்றில் கதை வேறு. பச்சை இறைச்சியை உருட்டி நேரே சூட்டில் போடுகிறோம். கொழும்பில் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பேர்கர் செய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதனால்தான் புதிதாகச் சமைப்பவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏன் அரைத்த இறைச்சிக்கு மட்டும் இவ்வளவு கவனம்?

முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சூடான தாச்சியில் எல்லாப் பக்கமும் சுட்டால் அவை செத்துவிடும். அதே துண்டை மெஷினில் அரைத்தால், மேலே இருந்தவை எல்லாம் உள்ளே போய்க் கலந்துவிடும். பேர்கரின் நடுப்பகுதிதான் கடைசியாகச் சூடேறும் இடம், அங்கேயும் கிருமி இருக்கும்.

இதில் மிகவும் பயப்பட வேண்டியது ஈ. கோலை ஓ157 என்ற வகை. மாட்டின் குடலில் வாழும், மாட்டுக்கு எதுவும் செய்யாது. அறுக்கும்போது இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரை நோயாளியாக்கப் போதும். அது உண்டாக்கும் நஞ்சு இரத்தக் குழாய்களைத் தாக்கும், சின்னப் பிள்ளைகளில் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். 1993ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹம்பேர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த வருடமே, இந்தக் கிருமி உள்ள அரைத்த மாட்டிறைச்சியை விற்கக் கூடாது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. கோழி என்றால் சல்மொனெல்லா, கம்பைலோபாக்டர் என்று வேறு கிருமிகள். கோழி மின்ஸ் ‘லேசானது’ என்று நினைத்து அவசரப்பட வேண்டாம்.

படி 1: வாங்கும்போது

முடிந்தால் ஏற்கெனவே அரைத்து வைத்ததை வாங்காதீர்கள். முழுத் துண்டாகத் தெரிந்தெடுத்து, கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, துண்டாகக் கொண்டுவந்து வீட்டில் அரைப்பது. கடை மெஷினில் உங்களுக்கு முன் யாருடைய இறைச்சி போனது என்று யாருக்கும் தெரியாது.

மரக்கறி, சாமான் எல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாக இறைச்சிக் கடைக்குப் போங்கள். காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றால், அந்தப் பையில் கிருமி பெருகப் போதுமான சூடும் நேரமும் இருக்கிறது. ஐஸ் பையோ, உறைந்த பொருளோ கூட வைத்தால் நல்லது.

படி 2: பிரிட்ஜில்

மின்ஸை 4 பாகை செல்சியஸில், அதற்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது, ஒன்றிரண்டு நாள்தான் வைக்கலாம். போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்கும் வீடுகள் பல. அப்படியென்றால் வாங்கிய அன்றே தட்டையான பைகளில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று நான்கு மாதம் தாங்கும். ஆனால் உறையவைத்தால் ஈ. கோலை சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உறைந்ததை மேசையில் வைத்து இளகவிடாமல், முந்திய இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில்தான். மேலே வைத்தால் சாறு சொட்டி, பிள்ளை அப்படியே தின்னும் பழத்தில் விழும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பிரிட்ஜ் நான்கு மணித்தியாலம் வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

படி 3: கழுவுவது பற்றி

இதைச் சொன்னால் அம்மம்மாக்களுக்குக் கோபம் வரும். என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மின்ஸை வடிதட்டில் போட்டுக் குழாயைத் திறந்து கழுவினால் கிருமி போகாது. தண்ணீர் தெறித்து சிங்க், பக்கத்தில் கிடக்கும் கோப்பை, உங்கள் கை எல்லாவற்றிலும் பரவும். மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் வாடையைக் குறைக்கும், அரைத்த இறைச்சிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், அரைப்பதற்கு முன் முழுத் துண்டை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

படி 4: உருட்டுவதும் வேகவைப்பதும்

பிள்ளைகளுக்கு என்றால் என் முதல் சிபாரிசு, உதிரியாகச் சமைப்பதுதான். மின்ஸை அகப்பையால் நன்றாக உடைத்து உடைத்துக் கிளறினால், கட்டி இல்லாமல் ஒவ்வொரு துணுக்கிலும் சூடு ஏறும். தண்ணீர் விட்டு, அது கொதித்து, வற்றி, எண்ணெய் தெளியும் வரை விடுங்கள். பாணுக்கும் இடியப்பத்துக்கும் இதைவிட நல்ல கறி இல்லை.

பேர்கர்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், சரி, மெல்லியதாகத் தட்டுங்கள். ஒன்றரை சென்றிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். நடுவில் பெருவிரலால் லேசாக அழுத்திக் குழி வையுங்கள். வேகும்போது நடுப்பகுதி உப்பி மேலெழும், அந்தக் குழி அதைச் சமப்படுத்தும். அடுப்பை மிதமாக வைத்து, மூடி போட்டு, இரு பக்கமும் திருப்பித் திருப்பி வேகவையுங்கள். தீயைக் கூட்டி வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

மீட்போல் செய்தால் பொரித்ததோடு விடாமல் குழம்பில் போட்டு 15 நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஃபிரிக்கடெல்லைச் சிறியதாக உருட்டிப் பொரியுங்கள். ‘பிறகு லம்ப்ரைஸ் இலையில் வேகும்தானே’ என்று பாதியில் எடுக்க வேண்டாம். இலைக்குள் போகும் முன்பே அது வெந்திருக்க வேண்டும்.

சுப்பர்மார்க்கெட்டில் வாங்கும் உறைந்த பேர்கர், நகட்ஸ் பக்கெட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள். மேலே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும் வகைகள் உண்டு.

படி 5: வெந்ததா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் எல்லோரும் நிறத்தை நம்புகிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள். நான்கு பேர்கரில் ஒன்று, பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்பே உள்ளே மண்ணிறமாகிவிடும் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்கிறது. இறைச்சியின் சிவப்புக்குக் காரணமான மயோகுளோபின், காற்றுப் பட்ட மின்ஸிலும் உறைந்து இளகிய மின்ஸிலும் சீக்கிரமே நிறம் மாறிவிடும். மறுபக்கம், வெங்காயம் சேர்த்த மின்ஸ் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக நிற்கலாம். ஆக, மண்ணிறம் வந்ததால் வெந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, சிவப்பு நிற்பதால் வேகவில்லை என்றும் சொல்ல முடியாது.

நம்பக்கூடியது வெப்பமானி ஒன்றுதான். நீண்ட ஊசி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைக் கேக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேர்கரை மேலிருந்து குத்தினால் ஊசி அடித்தட்டைத் தொட்டுத் தப்பாகக் காட்டும். பக்கவாட்டில், நடு மையம் வரை செலுத்துங்கள். எண் நிலையாக நிற்கும் வரை பொறுங்கள். மாடு, ஆடு, பன்றி மின்ஸ் 71 பாகை. கோழி 74 பாகை. 70 பாகையில் இரண்டு நிமிடம் நின்றாலும் போதும் என்பது பிரித்தானிய விதி. தாச்சியில் உள்ளதில் மிகத் தடிப்பானதை அளவிடுங்கள். 71 காட்டும் முன் குத்திய ஊசியைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி குத்த வேண்டும்.

வெப்பமானி சரியா என்று பார்க்க, கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். (நுவரெலியாவில் இருக்கும் உறவினருக்கு இதை அனுப்பினால், அங்கே கிட்டத்தட்ட 94தான் காட்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.)

வெப்பமானி இல்லையா? அப்படியென்றால் பிள்ளைக்குத் தடித்த பேர்கர் செய்யாதீர்கள். உதிரி மின்ஸும் குழம்பில் கொதித்த மீட்போலும் போதும். கடையில் வாங்கிக் கொடுத்தால், பிள்ளை கடிக்கும் முன் நடுவில் வெட்டிப் பாருங்கள். பச்சையாகவோ, பிசுபிசுப்பாகவோ, குளிர்ச்சியாகவோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: பார்ட்டியிலும் மீதத்திலும்

வெந்த இறைச்சியைப் பச்சை இறைச்சி இருந்த தட்டில் திருப்பி வைக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வது இது. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம். 32 பாகையைத் தாண்டும் வெயிலில் என்றால் ஒரே மணித்தியாலம். மீதியை ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி பிரிட்ஜில் வைத்து, மறுபடி சூடாக்கும்போது 74 பாகை வரை, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். வெளியே கிடந்து பழுதானதைச் சூடாக்கியும் கொடுக்க வேண்டாம். சில கிருமிகள் விட்டுச் செல்லும் நஞ்சு சூட்டிலும் அழியாது.

படி 7: பிள்ளை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்

பதற வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஈ. கோலை ஓ157 வெளிப்படப் பொதுவாக மூன்று நான்கு நாள் எடுக்கும், சில வேளை பத்து நாளும் ஆகும். அதனால் அடுத்த நாள் சுகமாக இருக்கிறதென்று மறந்துவிடாதீர்கள். வயிற்றோட்டம் வந்தால் ஒரு பக்கெட் ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையோ, வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கோ கொடுக்கவே வேண்டாம். இந்த நோயில் அவை நிலைமையை மோசமாக்கலாம்.

மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், வெளிறிப்போதல், முகமோ காலோ வீங்குதல், எழுப்ப முடியாத சோர்வு — இதில் ஒன்று தெரிந்தாலும் பொறளையில் உள்ள லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, கிட்டிய வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. சிறுநீரகப் பாதிப்பு வயிற்றோட்டம் தொடங்கி ஒரு கிழமை கழித்து, அது குறைவது போல் இருக்கும் நேரத்திலும் வரலாம். என்ன இறைச்சி, எந்த நாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.