மசாஜ், கைரோபிராக்டிக், வர்மம்: வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகைப் பிடித்துவிடும் மசாஜையும் எலும்பைச் சொடுக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கையும் அமெரிக்க அரசு எப்படி வகைப்படுத்துகிறது என்று தேடினால், துணை, மாற்று மருத்துவ முறைகளை ஐந்து பிரிவுகளாக்கிய பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் மசாஜும் கைரோபிராக்டிக்கும் ஒரே பிரிவு. பலரும் அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் அது பழைய பட்டியல். அதை வைத்திருந்த அரசு மையம் 2014 டிசம்பரில் தன் பெயரிலிருந்தே 'மாற்று மருத்துவம்' என்பதை எடுத்துவிட்டது. இப்போது ஒரு முறை உணவு வழியாகச் செயல்படுகிறதா, மனம் வழியாகவா, உடல் வழியாகவா என்றுதான் பார்க்கிறார்கள். யோகா மனம், உடல் இரண்டிலும் வரும்.

துணை மருத்துவமும் மாற்று மருத்துவமும் ஒன்றல்ல. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டே வலிக்கு மசாஜ் செய்துகொண்டால் துணை. கீமோவை நிறுத்திவிட்டு மசாஜை நம்பிப் போனால் மாற்று. தொடும் கை அதேதான்.

பட்டியலில் இருப்பதாலேயே அரசு அங்கீகரித்துவிட்டது என்று எழுதுவதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டும் தவறு. வரையறை வேறு, உரிமம் வேறு, காசு கொடுப்பது வேறு. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டையே பாருங்கள். கைரோபிராக்டர் முதுகெலும்பைக் கையால் சரிசெய்தால் அதற்குப் பணம் தரும். அவரே எழுதிக்கொடுக்கும் எக்ஸ்ரேக்குத் தராது. அதே மேசையில் செய்யும் மசாஜுக்கும் தராது, நோயாளி தன் பையிலிருந்துதான் கட்ட வேண்டும். அக்குபங்சருக்கு 2020 முதல் தருகிறது, அதுவும் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மட்டும்.

அப்புறம், நாடு மாறினால் அர்த்தமும் மாறும். எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வதில் தொடங்கிய ஆஸ்டியோபதியைப் பாருங்கள். அமெரிக்காவில் அதில் பட்டம் பெற்றவர் முழு டாக்டர், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் 1993 சட்டப்படி பதிவுபெற்ற கைமுறைச் சிகிச்சையாளர், அவ்வளவுதான். 'ஆஸ்டியோபதி டாக்டர்' என்று பொதுவாக மொழிபெயர்த்தால் குழப்பம்தான்.

உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் நம் ஊரின் வர்மத்தையும், சித்த மருத்துவ மசாஜான தொக்கணத்தையும் 'துணை மருத்துவம்' என்று எழுதுவதும் இதே கதைதான். அந்த நாட்டின் சொந்த மரபுக்கு வெளியே இருந்து வந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் 'துணை' என்கிறது. இந்தியாவில் இவை சித்த மருத்துவத்தின் பகுதி, ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஜெர்மனியில் ஒருவர் வர்மம் செய்தால் அங்கே அது துணை மருத்துவம். சரி, இங்கே மரபு என்பதால் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் எல்லோரும் பதிவுபெற்ற மருத்துவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். சித்த மருத்துவப் பட்டம் படித்தவருக்குக் கிடைக்கும் பதிவு, ஆசானிடம் கற்றதாலேயே ஒருவருக்குக் கிடைத்துவிடாது.