குவாண்டம் இயக்கவியல் படிக்க என்ன கணக்கு, என்ன இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும்?

கொடைக்கானலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷத்துக்கு ஒருவராவது "சார், குவாண்டம் படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வருவார்கள், பெரும்பாலும் குவாண்டத்தின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை எங்கோ பார்த்து மிரண்டுபோன பிறகு. அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: கலப்பு எண்கள்

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஓர் எண்ணை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது தளத்தில் 90 பாகை சுழலும் என்பது படம் போடாமலே மனதில் தெரிய வேண்டும். குவாண்டத்தில் நிகழ்தகவுகளை நேராகக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு வழிக்கும் உரிய கலப்பு எண்ணை வீச்சு என்கிறோம்; வீச்சுகளைக் கூட்டி, அப்புறம்தான் அளவின் வர்க்கம் எடுக்கிறோம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு, வர்க்கம் நான்கு. ஒன்றும் மைனஸ் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம். நம்ம ஏரியில் இரண்டு படகு கிளப்பும் அலைகள் ஓரிடத்தில் எழும்பி இன்னோரிடத்தில் அடங்கிப்போவதும் இதே கூட்டல்தான்.

படி 2: அணிகள்

அதிக நாள் இங்கேதான் இருக்க வேண்டும். நிறையப் பேர் தொகையீட்டிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு இதை இரண்டே நாளில் தாண்டிப் போகிறார்கள், அது பெரிய தவறு.

மேல் வரிசையில் 0, 1. கீழ் வரிசையில் 1, 0. இப்படி ஓர் அணி எழுதுங்கள். எந்தத் திசையனோடு பெருக்கினாலும் அதன் இரண்டு கூறுகளும் இடம் மாறும், அவ்வளவுதான். (1, 0) என்பது (0, 1) ஆகிவிடும், திசையே வேறு. ஆனால் (1, 1) அப்படியே இருக்கும். (1, −1) குறி மட்டும் மாறி அதே கோட்டில் நிற்கும். இந்த இரண்டும்தான் ஐகன் திசையன்கள், +1, −1 அவற்றின் ஐகன் மதிப்புகள். எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) பக்கவாட்டில் அளப்பதற்கான அணி இதுவே. உரிய அலகில் விடை +1 அல்லது −1, நடுவில் எதுவும் வராது. எலக்ட்ரானின் நிலையையும் திசையனாகத்தான் எழுதுகிறோம். இப்போது (1, 0) என்ற நிலையை அந்த இரண்டு திசையன்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். இரண்டும் சம அளவில் வரும், ஆக ஒவ்வொரு விடைக்கும் நிகழ்தகவு பாதி. இதைக் கையால் போட்டு முடித்தவர் குவாண்டத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டார்.

படி 3: மற்றவை

வகைக்கெழு, தொகையீடு, தனிச்சீரிசை இயக்கத்தின் வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவில் சராசரியும் திட்டவிலக்கமும். இயற்பியலில் ஆற்றல், உந்தம், அலைகள். இரு முனையும் கட்டிய கம்பியில் ஏன் முழு எண்ணிக்கையில்தான் அரை அலைகள் பொருந்துகின்றன என்பதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்காந்தவியல் ஆழமாகத் தேவையில்லை.

படி 4: ஒரு கணக்கு

நம் ஊர் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் இங்கேதான் கண்டறிந்தார், நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருந்ததை வைத்து. அப்படிப்பட்ட நிறமாலைக் கோடு ஒன்றை நீங்களே கணக்கிடலாம். ஹைட்ரஜனின் ஆற்றல் நிலைகள்: −13.6-ஐ நிலை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, எலக்ட்ரான் வோல்ட்டில். மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் 13.6 × (1/4 − 1/9), சுமார் 1.89. எலக்ட்ரான் வோல்ட்டை அலைநீளமாக மாற்ற, 1240-ஐ அதால் வகுங்கள்: 656 நானோமீட்டர், சூரிய நிறமாலையில் சிவப்பில் இருக்கும் அதே கோடு.

அந்த 13.6 எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா? சரி, ஓரமாக வைத்த சமன்பாட்டை இப்போது எடுங்கள்.