ஏவுகளத்தில் சுவிட்ச் போடும் நேரம்: ராக்கெட் ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காகச் செய்யப்படும் பெரிய ராக்கெட்டுகளின் நடுப்பகுதியில் மின்னணுக் கருவிகளுக்கென ஓர் அறை இருக்கும். அதற்குள் உள்ள ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை அளந்துகொண்டே போகும். ராக்கெட் உச்சியைத் தொட்டதும் சிறிதளவு கருமருந்தைப் பற்றவைத்துச் சின்னப் பாராசூட்டை வெளியே தள்ளும். இறங்கிவரும்போது, முன்பே குறித்துவைத்த உயரத்தில் இன்னொரு மருந்தைக் கொளுத்திப் பெரிய பாராசூட்டை விரிக்கும். இத்தனையையும் இயக்கிவைக்கும் சுவிட்சைப் பற்றி மட்டும் பலர் கடைசியில்தான், மிஞ்சிய இடத்தில் எதையாவது பொருத்தினால் போதும் என்று யோசிக்கிறார்கள்.

சுவிட்சின் வேலை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தரையில் இருக்கும்வரை மின்சாரத்தைத் துளியும் விடக்கூடாது. கிளம்பிய பிறகு கண்ணிமைக்கும் நேரம்கூட அதைத் துண்டிக்கக்கூடாது. நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இவற்றில் ஒன்றை மட்டும் நினைத்து மற்றதை விட்டுவிடுவதால் வருபவை.

ஆபத்தில் முதலிடம், மேசையிலேயே கருவியை இயக்கிவிட்டுப் பிறகு ராக்கெட்டைப் பூட்டுவதற்குத்தான். ஒரு குழாயை இன்னொரு குழாய்க்குள் அழுத்தும்போது உள்ளே அழுத்தம் ஏறி இறங்கும். ஆல்டிமீட்டருக்கு வெளிக்காற்று எட்டுவதற்காக அறைச் சுவரில் போட்டிருக்கும் துளைகளின் மேல் பலத்த காற்று வீசினாலும் அப்படியே. அதைப் பறத்தல் என்று ஆல்டிமீட்டர் புரிந்துகொண்டால், மருந்து உங்கள் கைக்குள்ளேயே வெடிக்கும். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டரி சங்கம் உயர்திறன் ராக்கெட்டுகளுக்கு வகுத்த பாதுகாப்பு விதி, ராக்கெட் ஏவும் நிலையில் நிற்கும்வரை அதற்குள் உள்ள மருந்தும் அதைக் கொளுத்தும் மின்சுற்றும் இயங்காதபடி தடுத்து வைக்க வேண்டும் என்கிறது. ஆகவே வரிசை இதுதான்: ராக்கெட்டை ஏவுதண்டில் ஏற்றி நிமிர்த்துவது முதலில், சுவிட்சைப் போடுவது அடுத்து, எஞ்சினைப் பற்றவைக்கும் இக்னைட்டரை அதற்குள் செருகுவது கடைசியில். இக்னைட்டரை முதலில் செருகிவிட்டு ஏணியில் ஏறிச் சுவிட்சைத் தேடுபவர், கொளுத்தத் தயாராக இருக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். சுவிட்ச் போடும்போது மூக்குக்கூம்புக்கு மேலே தலையை நீட்டாதீர்கள். புகைப்படம் எடுக்க வந்த நண்பரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி சுவிட்சின் வகை. சறுக்கு சுவிட்ச் மலிவானது, சிறியது. அதைப் பொருத்தும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். அதன் குமிழ் ராக்கெட்டின் நீளவாக்கில் நகருமாறு வைத்தால், கிளம்பும் முடுக்கம் அதைக் கீழ்நோக்கித் தள்ளும். எஞ்சின் அணைந்ததும் காற்றின் எதிர்ப்பால் வேகம் குறைய, குமிழ் மேல்நோக்கிப் போகப் பார்க்கும். எந்தப் பக்கம் வைத்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் அணையும் வாய்ப்பு உண்டு. குறுக்குவாட்டில் வையுங்கள். ஊசியை உருவினால் இயங்கும் நெம்பு சுவிட்சுக்கும் இதே கவனம் தேவை. அங்கே தொடர்பைப் பிடித்திருப்பது ஒரு சிறு வில் மட்டுமே. கம்பிகளை வெளியே நீட்டி, முறுக்கி, நாடா ஒட்டும் பழைய முறையைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் திரும்பத் திரும்ப முறுக்கிய இழைக்கம்பி உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

என் தேர்வு திருகு சுவிட்ச்தான். திருகாணியை இறுக்கினால் இரண்டு முனைகள் சேரும், அவ்வளவே. இதிலும் ஒரு பொறி உண்டு: அணைக்கும்போது அளவுக்கு மீறித் தளர்த்தினால் திருகாணி கழன்று அறைக்குள் விழுந்து, படக்கூடாத இடத்தில் பட்டுக் குறுக்குமின்சுற்று ஏற்படுத்தும். வெளித்துளையிலிருந்து திருகாணித் தலைவரை ஒரு சிறு காகிதக் குழாயை ஒட்டிவிட்டால், காற்றில் ஆடும் ஏணியில் நின்று திருப்புளியால் துழாவ வேண்டியிருக்காது.

காந்தச் சுவிட்சும் கம்பியில்லாச் சுவிட்சும் வசதியானவை. வசதிதான் சிக்கலும். காந்தத்தை ஒருமுறை காட்டினால் இயங்கும், மறுமுறை காட்டினால் அணையும் வகையில், இப்போது எந்த நிலை என்று ஒலியோ விளக்கோ சொல்லாவிட்டால் ஊகம்தான் மிஞ்சும். சட்டைப்பையில் காந்தத்தை வைத்துக்கொண்டு ராக்கெட்டைத் தோளில் சுமப்பவர்களும் உண்டு. மின்னணுச் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது. கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இதை மட்டும் நம்பினால் போதுமா என்று ஏவுகளப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

சுவிட்சுக்காகப் போடும் துளையும் காற்றை உள்ளே விடும் துளைதான் என்பது எளிதில் மறந்துபோகிறது. அழுத்தத் துளைகளைச் சுற்றிலும் சம இடைவெளியில் அளந்து போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பெரிய சுவிட்ச் துளையைத் திறந்துவைத்தால் அளவீடு தடுமாறும். சுவிட்சைப் போட்டதும் அந்தத் துளையை நாடாவால் மூடலாம். அல்லது அழுத்தத் துளைகளில் ஒன்றாகவே அதைக் கணக்கில் சேர்க்கலாம். அது ஏவுதண்டுக்கு மறைவாகப் போய்விடக்கூடாது என்பதையும் துளை போடும் முன்பே பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்காக இரண்டு ஆல்டிமீட்டர் வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே சுவிட்ச் கொடுப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. அந்த ஒரு சுவிட்ச் போனால் இரண்டும் போகும். தனித்தனியாகக் கொடுங்கள், ஒன்றைப் போட்டு அதன் ஒலியைக் கேட்டு முடித்த பிறகே மற்றதைப் போடுங்கள். பாராசூட் மருந்தைக் கொளுத்தும் பற்றவைப்பானின் இணைப்பு சரியாக இருக்கிறதா, பேட்டரி மின்னழுத்தம் எவ்வளவு என்பதைப் பல ஆல்டிமீட்டர்கள் பீப் ஒலிகளால் சொல்கின்றன. ஏதோ சத்தம் வருகிறது என்று இறங்கிவிடாமல் எண்ணுங்கள். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பதைச் சரிபார்ப்புத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஜிபிஎஸ் கருவிக்கு மட்டும் நேரக் கணக்கு வேறு. செயற்கைக்கோள்களைப் பிடிக்க அதற்கு அவகாசம் வேண்டும்; வெடிமருந்தோடு தொடர்பில்லாத அதன் தனிச் சுவிட்சை முன்கூட்டியே போட்டுவிடலாம்.

அணைப்பதிலும் தவறுகள் நடக்கின்றன. எஞ்சின் பற்றாவிட்டால், ஏவும் மின்கருவியின் பாதுகாப்புச் சாவியை உருவிவிட்டுக் குறைந்தது 60 நொடி காத்திருக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன விதிகளில் உண்டு. அதன் பிறகு இக்னைட்டரை எடுத்து, ராக்கெட் நிமிர்ந்து நிற்கும்போதே சுவிட்சுகளை அணைத்து, அப்புறம்தான் சாய்க்க வேண்டும். தரையிறங்கிய ராக்கெட்டில் பெரிய பாராசூட் வெளியே வரவில்லை என்றால், அந்த மருந்து இன்னும் வெடிக்காமல் உள்ளே இருக்கிறது என்றே கொள்ளுங்கள். குழாயின் வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டிலிருந்து நெருங்கி, இருக்கிற சுவிட்சுகள் அத்தனையையும் அணைத்து, பீப் ஒலி நின்றதை உறுதிசெய்துகொண்ட பிறகு பற்றவைப்பான் கம்பிகளை ஆல்டிமீட்டரிலிருந்து கழற்றி, அவற்றின் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள்.