வகுப்பில் குழந்தை எதைக் கற்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது எப்படி?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் புத்தகப் பையைத் திறந்து பார்க்கும் பெற்றோர் பலருக்கு முதலில் குழப்பமே ஏற்படுகிறது. பாடநூலுடன் பயிற்சி நூல் ஒன்றும் இருக்கிறது. அதில் சில பக்கங்கள் எழுதப்பட்டும் சில பக்கங்கள் விடப்பட்டும் இருக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் வேறு வருகின்றன. கொரோனா காலத்தில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அடையாளங்களே இவை. அரும்பு, மொட்டு, மலர் என்பவை, இதே வரிசையில் உயர்ந்து செல்லும், குழந்தையின் அப்போதைய கற்றல் நிலையைக் குறிப்பவை. மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை தமிழில் மொட்டாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். ஆகவே, பயிற்சி நூலில் ஒரு பக்கம் எழுதப்படாமல் இருப்பதைக் கண்டவுடன் ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்று முடிவு செய்துவிடாமல், அந்தப் பக்கம் எந்த நிலைக்குரியது என்பதை முதலில் பாருங்கள்.

பருவம் தொடங்கும்போதே பாடநூலின் பொருளடக்கத்தை ஒரு முறை படித்து வையுங்கள். கல்வியாண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு பருவத்தில் நடக்க வேண்டிய பாடங்கள் அதிகமில்லை. பத்து நிமிடங்கள் போதும். அதன்பின் “இன்று என்ன படித்தாய்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “இன்று எந்தக் கதை சொன்னார்கள்? அதில் யார் யார் வந்தார்கள்?” என்று கேட்டால் பதில் கிடைக்கும். முதல் கேள்விக்குப் பெரும்பாலான குழந்தைகள் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார்கள்.

வாசிப்பைச் சோதிப்பதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். வகுப்பில் பலமுறை கூட்டாகச் சொன்ன பாடத்தைக் குழந்தை படத்தைப் பார்த்தே சரளமாக ஒப்பிக்கும். விரலும் வரியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். அது வாசிப்பா, மனப்பாடமா என்பதை அறிய எளிய வழி உண்டு. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து ஏதேனும் ஒரு சொல்லைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, பாடநூலில் இல்லாத ஒரு சொல்லை, கடைப் பெயர்ப்பலகையிலோ பேருந்தின் ஊர்ப்பலகையிலோ காட்டுங்கள். குழந்தை தடுமாறும் இடத்தைக் கவனித்தால் சிக்கல் எதில் என்பது தெரிந்துவிடும். ட, ப, ம போன்ற எழுத்துகளில் தடுமாறாத குழந்தைகள்கூட கெ, கே, கை போன்றவற்றில் நின்றுவிடுவதுண்டு. ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிரொலியின் குறியீடு எழுத்தில் முன்னால் நிற்பதே காரணம். கொ, கோ ஆகியவற்றில் குறியீடு இருபுறமும் நிற்பதால் சிரமம் இன்னும் கூடும். இந்த இடத்தில் 247 எழுத்துகளையும் மறுபடி எழுதச் சொல்வது பயனற்ற தண்டனை. செடி, கேணி, பொடி, தோடு என அந்தக் குறியீடுகள் வரும் சொற்களை நாளுக்கு நான்கைந்தாக வாசிக்க வைப்பதே போதுமானது. ல, ள, ழ வேறுபாட்டை எழுத்தில் பிழையின்றிக் கொண்டுவர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஒன்றாம் வகுப்பிலேயே அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

தொடக்க வகுப்புகளிலேயே குழந்தைகள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பதற்கான ஒன்றிய அரசின் நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பின் முடிவில் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டு குழந்தையின் எதிரே உட்கார வேண்டாம். வாசித்த பத்தியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்த இலக்கின் முக்கியமான பாதி நிறைவேறுகிறது.

கணக்கில், சரியான விடையைவிடத் தவறான விடையே குழந்தையின் புரிதலைப் பற்றி அதிகம் சொல்லும். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிடுகிறார்கள். இது கவனக்குறைவால் வருவதில்லை. 42 என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது மனத்தில் பதியாததால் வருவது. நாம் படித்த “பக்கத்தில் கடன் வாங்கு” என்ற வாய்பாட்டை வீட்டில் இப்போதே சொல்லிக் கொடுத்தால் விடை சரியாகிவிடும், புரிதல் மட்டும் வராது. ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிகளும் வையுங்கள். ஏழு குச்சிகளை எடுக்கச் சொன்னால், ஒரு கட்டைப் பிரிக்காமல் முடியாது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். பிரித்தபின் மூன்று கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் இருக்கும். ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டுகள், ஆக 25. குச்சியில் செய்ததைக் குழந்தை தாளில் எழுதிக்காட்டும் வரை பெரிய எண்களுக்குப் போக வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரைவிட அதன் ஒலியே வாசிப்புக்கு உதவும் என்பதால், வகுப்பில் ஒலியைச் சொல்லிப் பழகும் குழந்தையை “சி ஏ டி, கேட்” என்று ஒப்பிக்கச் சொல்லிக் குழப்ப வேண்டாம். சுற்றுப்புறத்தைப் பற்றிய பாடமான சூழ்நிலையியலுக்கு வீட்டில் தனிப்பாடம் தேவையில்லை. சந்தைக்குக் கூட்டிச் சென்று காய்களின் பெயர்களைக் கேட்டாலே போதும்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது “பிள்ளை எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் “நன்றாகப் படிக்கிறான், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி” என்பதுதான் பதிலாக வரும். எந்த நிலையில் இருக்கிறான், சென்ற பருவத்தில் எந்த நிலையில் இருந்தான், பாடம் நடக்கும்போதே குழந்தையின் கற்றலை அறியச் செய்யும் வளரறி மதிப்பீட்டில் எந்தக் கேள்விகளில் தவறினான் என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் பார்த்த தடுமாற்றங்களையும் எடுத்துக்காட்டுடன் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பின் பாதியிலும் குழந்தை இரண்டெழுத்துச் சொற்களை வாசிக்கத் திணறினால், கூடுதல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதற்கு முன் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாத வயது அது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கலாம்.