மதுரைப் பக்கம் வீட்ட ஸ்மார்ட்டா மாத்தணும்னா பல்புல ஆரம்பிக்காதீங்க, மோட்டார்ல ஆரம்பிங்க

ஸ்மார்ட் ஹோம்னு தேடுனாலே கலர் மாறுற பல்பத்தான் முதல்ல காட்டுவாய்ங்க. ஆனா திருநகரோ வில்லாபுரமோ ஒத்தக்கடையோ, நம்ம வீடுகள்ல நிஜமான வேலை எங்க இருக்குன்னு பாருங்க. கீழ சம்ப்ல கார்ப்பரேசன் தண்ணி, பக்கத்துல போர்ல உப்புத்தண்ணி, மொட்டமாடில டேங்க். தண்ணி வர்ற நேரம் பாத்து மோட்டாரப் போடணும், நிரம்பிருச்சான்னு மாடிக்கு ஏறிப் பாக்கணும், மறந்துட்டா தண்ணி தெருவுல ஓடும். இந்த வேலைய வீட்ல ஒருத்தவங்க, பெரும்பாலும் அம்மாதான், வருசக்கணக்கா தலைல போட்டுட்டு இருக்காங்க. அத முதல்ல இறக்கி வைக்கணும்ங்கிறதுதான் என் கருத்து, பல்பு அப்புறம் பாத்துக்கலாம்.

மோட்டாருக்கு நேரடியா ஸ்மார்ட் ப்ளக் (போன்ல இருந்தே ஆன் ஆஃப் பண்ற ப்ளக்) மாட்டாதீங்க. 16 ஆம்பியர்னு போட்டிருக்கே, 1 ஹெச்பி மோட்டார் தாங்காதான்னு கேப்பீங்க. ஓடும்போது சுமாரா 5லேர்ந்து 7 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடில அதப்போல பல மடங்கு இழுக்கும். தினமும் அப்படி இழுத்தா ப்ளக்குக்குள்ள சுவிட்ச் வேலை பாக்குற சின்ன ரிலேயோட காண்டாக்ட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் ஆப்புல ஆஃப்னு காட்டும் ஆனா மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அதனால நடுவுல ஒரு காண்டாக்டர், அதாவது பெரிய கரண்ட தாங்குற காந்த சுவிட்ச், போடச் சொல்லுங்க. வைஃபை ரிலே காண்டாக்டரோட காயில மட்டும் இயக்கும், மோட்டாரோட கரண்ட் காண்டாக்டர் வழியா போகும். எத்தனை ஆம்பியர் காண்டாக்டர்னு உங்க மோட்டார் தகட்டப் பாத்துட்டு எலெக்ட்ரீசியன் சொல்லுவாரு.

இதுல ரொம்ப முக்கியமானது, மோட்டார ஆஃப் பண்ற பொறுப்ப போன்கிட்ட குடுக்கக்கூடாது. டேங்க்ல ஒரு ஃப்ளோட் (தண்ணில மிதக்குற சுவிட்ச்), சம்ப்ல ஒரு ஃப்ளோட், ரெண்டையும் சேத்து சாதா வாட்டர் லெவல் கண்ட்ரோலர், இதுக்கு இன்டர்நெட்டே வேணாம், எலெக்ட்ரிக்கல் கடைல கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. மேல நிரம்புனா நிக்கணும், கீழ காலியானா நிக்கணும், இது ரெண்டும் வயர்லயே நடக்கணும். வைஃபை எல்லாம் அதுக்கு மேல, ஆபீஸ்ல இருந்து பாக்குறதுக்கும் நேரம் செட் பண்றதுக்கும் மட்டும். அப்புறம் ஆப் செட்டிங்ஸ்ல கரண்ட் போயி வந்தா என்ன நிலைல இருக்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், மோட்டாருக்கு அத கண்டிப்பா ஆஃப்ல வைங்க, இல்லன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்ததும் தானா ஓட ஆரம்பிச்சிரும். போர் சப்மெர்சிபிள்ல பச்சை பட்டன அழுத்தி ஸ்டார்ட் பண்ற பேனல் வச்சிருந்தீங்கன்னா கரண்ட மட்டும் குடுத்தா மோட்டார் கிளம்பாது, அதுக்கு ஆட்டோ ஸ்டார்ட் உள்ள பேனல் தனியா வாங்கணும். இத கடைல முதல்லயே சொல்லிருங்க.

மோட்டார் வயரச் சுத்தி மாட்டுற கிளாம்ப் வச்சு, மோட்டார் இழுக்குற வாட்ஸ காட்டுற ரிலேயா வாங்குனா இன்னொரு லாபம் இருக்கு (கிளாம்ப் இல்லன்னா காண்டாக்டர் காயிலோட வாட்ஸத்தான் காட்டும்). தண்ணி நல்லா ஏறும்போது எத்தனை வாட்ஸ் இழுக்குதுன்னு ஒரு நாள் பாத்து குறிச்சு வைங்க. போர்ல தண்ணி கீழ போயி மோட்டார் வெறுமனே சுத்துனா லோடு இல்லாததுனால அந்த எண்ணு பளிச்சுன்னு கீழ இறங்கும். அந்த அளவுக்குக் கீழ போனா ஆஃப் பண்ணுன்னு ரூல் எழுதி வச்சா போதும், சித்திரை வைகாசில தண்ணி இல்லாம மோட்டார் கருகுறத தடுத்துரலாம். சப்மெர்சிபிள் காயில் கட்டுற செலவு, பைப்ப மேல தூக்குற கூலி எல்லாம் சேத்துப் பாத்தா இந்த ரிலே விலை ஒண்ணுமே இல்ல.

அடுத்து லைட், ஃபேன். இங்க ஸ்மார்ட் பல்பு வேணாம்னுதான் சொல்லுவேன். அப்பத்தா படுக்கப் போகும்போது சுவரு சுவிட்ச அணைச்சிட்டுப் போயிருவாங்க, அதோட அந்தப் பல்பு ஆப்ல ஆஃப்லைன் ஆயிரும். அவங்க செஞ்சது தப்பே இல்ல, சுவிட்சுன்னா அணைக்கத்தான செய்வாங்க. அதனால சுவிட்சுக்குப் பின்னாடி போர்டுக்குள்ள வைக்கிற சின்ன மாட்யூல் வாங்குங்க, சுவிட்சும் எப்பவும்போல வேலை செய்யும், போனும் வேலை செய்யும். வாங்குறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு, ஒரு போர்டக் கழட்டிப் பாருங்க. ப்ளக் பாயிண்ட் இருக்குற போர்டுல நியூட்ரல் வயர் இருக்கும், வழக்கமா கறுப்பு. மாடிப்படில தனியா இருக்குற சுவிட்ச் பெட்டில பெரும்பாலும் ஃபேஸ் மட்டும்தான் வந்து போகும், அங்க நியூட்ரல் வேணாங்கிற டைப் மாட்யூல்னு கேட்டு வாங்கணும், இல்லன்னா அந்த லைட்ட விட்ருங்க. மாசி வீதிப் பக்கம் பழைய வீடுகள்ல மரப்பெட்டி போர்டா இருந்தா உள்ள ஆழமே இருக்காது, திணிச்சு மூடாதீங்க, வயர் நசுங்கும்.

வைஃபைல ஒரு விசயம், இந்தப் பொருள்ல முக்காவாசி 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ங்கிற வைஃபை அலைவரிசைல மட்டும்தான் சேரும். செட் பண்ணும்போது சேரலன்னா முதல்ல அதப் பாருங்க. முடிஞ்சா கெஸ்ட் நெட்வொர்க் ஒண்ணு உருவாக்கி இதெல்லாம் அதுல போட்டுருங்க, உங்க லேப்டாப் போன் எல்லாம் தனியா இருக்கட்டும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க, மாசாந்திர பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிப்பாட்டுற அன்னைக்கும் சில மணி நேரமாவது நெட் ஓடும்.

பில்லு குறையும்னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுனதால மட்டும் பில் குறையாது, அது ஆஃப்ல இருக்கும்போதும் கொஞ்சூண்டு கரண்ட் எடுக்கும். நிஜமா குறைக்கிறது ஃபேன்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் கிட்ட எடுக்கும், கரண்ட் கம்மியா எடுக்குற புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் கிட்ட. நம்மூர் வெயிலுக்கு ஒரு ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். மூணு ஃபேன்னா 120 யூனிட். 500 யூனிட் தாண்டுனா ரேட்டு ஏறுறது உங்களுக்கே தெரியும், அந்தக் கோட்டு ஓரத்துல நிக்கிற வீடுன்னா முதல்ல ஃபேன மாத்துங்க.

கீசருக்கு 2000 வாட்ஸ்னா 9 ஆம்பியர் கிட்ட போகும், அதுக்கு 16 ஆம்பியர் ப்ளக் சரி, 10 ஆம்பியர் வாங்காதீங்க. ஏசிக்கு ரிமோட் சிக்னல் அனுப்புற ஐஆர் பெட்டி போதும். கேமரா வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் மட்டும், பாஸ்வேர்ட அன்னைக்கே மாத்திருங்க.

இனிமே வரப்போறத நினைச்சு வாங்குறதா இருந்தா பெட்டில மேட்டர் லோகோ இருக்கான்னு பாருங்க. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேந்து ஆதரிக்கிற பொது மொழி அது, முதல் வெர்ஷன் 2022 அக்டோபர்ல வந்துச்சு, 2024 மே மாசம் வந்த 1.3ல தண்ணிக் கசிவு சென்சார், மின்சார அளவு எல்லாம் சேத்தாங்க. கம்பெனி சர்வர மூடிட்டாலும் வீட்டுக்குள்ளயே வேலை செய்யும்ங்கிறதுதான் இதுல பெரிய நிம்மதி. கம்ப்யூட்டர்ல கை வைக்கத் தெரிஞ்சவங்க 2013லேர்ந்து இருக்குற ஹோம் அசிஸ்டன்ட்ங்கிற சாஃப்ட்வேர ராஸ்பெர்ரி பைங்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டலாம், காசு கேக்காது. சோலாரும் இதோட சேரப்போகுது. பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா வரைக்கும் மானியம் இருக்கு. மாடில பேனல் இருந்தா மோட்டாரும் வாஷிங் மெசினும் உச்சி வெயில்ல தானா ஓடுற மாதிரி நேரம் வச்சுக்கலாம், நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்.

ஆள் வச்சு மாட்டுனீங்கன்னா அக்கவுண்ட் உங்க நம்பர்ல, உங்க போன்ல இருக்கணும், மாட்டுனவர் போன்ல இல்ல. போர்ட மூடுறதுக்கு முன்னாடி உள்ள வயரெல்லாம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க. மோட்டார் பெட்டிக் கதவுல மார்க்கர் பேனாவால எது ஆட்டோ, எது கை சுவிட்சுன்னு தமிழ்லயே பெருசா எழுதி வைங்க, நீங்க வெளியூர் போன நாள்ல வீட்ல இருக்குறவங்க அதப் பாத்துத்தான் தண்ணி ஏத்தணும்.