வங்கிக் கணக்கு இல்லாமல் மொபைலில் வந்த பணத்தைக் கையில் வாங்குவது எப்படி

மொபைலுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள், எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது, ஆனால் வங்கிக் கணக்கு கிடையாது, இனி என்ன செய்வது என்று திகைப்பவர்கள் நிறையப் பேர். திகைக்க வேண்டியதே இல்லை, இந்த ஏற்பாடே வங்கிப் பக்கம் போகாதவர்களை வைத்து வளர்ந்ததுதான். 2007இல் கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையைத் தொடங்கியபோது அதற்குத் தேவைப்பட்டது ஒரு சிம் கார்டும் பக்கத்தில் ஒரு ஏஜென்ட் கடையும், அதாவது நிறுவனத்தின் சார்பில் பணம் வாங்கித் தரும் கடையும், மட்டுமே. அதற்குப் பிறகு ஆரஞ்சு மணி, எம்டிஎன் மோமோ, ஏர்டெல் மணி, வங்கதேசத்தில் பிகாஷ் என்று வரிசையாக வந்தன. பெயரும் மெனுவும் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் எந்தக் கடை வாசலிலும் குழம்பாமல் நிற்கலாம்.

உங்கள் எண்ணில் இருப்பது மின்பணம். அதற்கு ஈடான நிஜப் பணத்தை நிறுவனம் வங்கியில் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. ஆனால் ஏஜென்ட் உங்களுக்குக் கொடுக்கும் நோட்டு அந்த வங்கியிலிருந்து வருவதில்லை, அவருடைய சொந்தக் கல்லாவிலிருந்து வருகிறது. நீங்கள் பணம் எடுக்கும்போது உங்கள் மின்பணம் அவருடைய கணக்குக்குப் போகிறது, பதிலுக்கு அவர் தன் கையில் இருக்கும் ரொக்கத்தைத் தருகிறார், கமிஷனை நிறுவனம் அவருக்குத் தருகிறது. அவ்வளவுதான் விஷயம். இதிலிருந்து இரண்டு முடிவுகள் தானாக வருகின்றன. பெரிய தொகை கேட்டால் ஏஜென்டிடம் அவ்வளவு ரொக்கம் இல்லாமல் போகலாம், அது ஏமாற்று இல்லை. இன்னொன்றுதான் முக்கியம்: நீங்கள் பின் நம்பரை அழுத்திய நொடியில் பணம் அவருடையதாகிவிடுகிறது, ரொக்கம் கைக்கு வரும்வரை நீங்கள்தான் கடன் கொடுத்தவர். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதி அந்தச் சின்ன இடைவெளியைப் பற்றியவை.

முதலில், பணம் எந்த வழியில் வந்திருக்கிறது என்று பாருங்கள்

உங்கள் எண்ணிலேயே வாலட், அதாவது மின்பணம் வைக்கும் மொபைல் கணக்கு, பதிவாகியிருந்தால் வேலை சுலபம். பதிவாகாவிட்டால், முடிந்தவரை பணம் அனுப்பச் சொல்வதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஏஜென்ட் கடையிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ அடையாள அட்டையைக் காட்டினால் செய்துகொடுப்பார்கள், சில இடங்களில் போட்டோவும் எடுப்பார்கள். பல சேவைகளில் பதிவுக்குப் படிநிலைகள் உண்டு, குறைந்த ஆவணத்தோடு திறந்த வாலட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வாங்கலாம், இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைப்பார்கள், அதனால் பெரிய தொகை வரப்போகிறதென்றால் வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்மார்ட்போன் கட்டாயமில்லை. நட்சத்திரக் குறியில் தொடங்கி ஹேஷ் குறியில் முடியும் எண்ணை அடித்தால் வரும் மெனு, இணையமே இல்லாத பட்டன் போனிலும் ஓடும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. அண்ணன் பெயரில் வாங்கிய சிம்மை வருடக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டிருப்போம், பேசுவதற்கு அதனால் ஒரு தொல்லையும் வராது. பணம் எடுக்கப் போனால் ஏஜென்ட் அடையாள அட்டையைக் கேட்பார், திரையில் வேறு பெயர் நிற்கும். பின் நம்பர் மறந்தாலோ சிம் தொலைந்தாலோ இன்னும் மோசம், மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை அண்ணனுக்குத்தான். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வாங்கி அதில் வாலட் திறங்கள்.

வாலட்டே இல்லாதவருக்கும் பணம் அனுப்ப சில சேவைகள் விடுகின்றன. அனுப்புபவர் மெனுவில் பதிவு செய்யாத எண் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வரும், அதையும் போனையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போனால் ரொக்கம் கிடைக்கும். அந்தக் குறியீட்டுக்குக் கெடு உண்டு, கெடு தாண்டினால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், அவர் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். எல்லாச் சேவையிலும் இந்த வசதி கிடையாது என்பதால் அனுப்புபவரையே முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீட்டை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அது கைக்குக் கிடைத்தவர் முந்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நேராக வாலட்டுக்கும் வரலாம், ரொக்கமாக வாங்கும் கவுன்டருக்கும் வரலாம். வெஸ்டர்ன் யூனியன் வழியாக வந்தால் பத்து இலக்க எண் ஒன்றை அனுப்பியவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும், மணிகிராமில் எட்டு இலக்கம். எண், அடையாள அட்டை, அனுப்பியவரின் பெயர், ஏறக்குறைய எவ்வளவு தொகை, இவ்வளவும் கையில் இருந்தால் போதும், கணக்கு எதுவும் வேண்டாம். தகராறு வருவது பெயரில்தான். அட்டையில் இனிஷியலோடு இருக்கும், அனுப்பியவர் அதை விரித்து முழுப் பெயராக அடித்திருப்பார், அல்லது கூப்பிடும் பெயரைப் போட்டிருப்பார், கவுன்டரில் இருப்பவர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள், பணத்தை நீங்கள் வாங்காத வரைக்கும் சின்ன எழுத்துப் பிழைகளைப் பொதுவாக அவர்களால் திருத்த முடியும். அட்டையைப் படம் எடுத்து முதலிலேயே அவருக்கு அனுப்பிவைத்தால் இந்த அலைச்சலே இருக்காது. உடம்பு முடியாதவருக்காக வேறு ஒருவர் போய் வாங்குவதாக இருந்தால், போகிறவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லிவிடுங்கள், எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

கிளம்புவதற்கு முன்

எஸ்எம்எஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். மெனுவைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நிறுவனத்திலிருந்து வந்த மாதிரியே ஒரு செய்தியை யார் வேண்டுமானாலும் தட்டி அனுப்பிவிடலாம், இருப்பில் காட்டும் எண்ணை அப்படிக் காட்ட முடியாது.

அப்புறம் கட்டணம். பணம் எடுக்கும் கட்டணம் பெரும்பாலும் அடுக்கடுக்காக இருக்கும், இந்தத் தொகையிலிருந்து இந்தத் தொகை வரை இவ்வளவு என்று. இதனால் ஒரே தடவையில் எடுப்பது வழக்கமாக மலிவு, துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் விழும். ஆனால் அடுக்கின் எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் அடுத்த அடுக்குக் கட்டணம் முழுதாக வரும், ஆகவே எல்லைக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவைப்பது சில சமயம் புத்திசாலித்தனம். கட்டணப் பட்டியல் கடைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெனுவிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, கட்டணமும் அதே இருப்பிலிருந்துதான் கழியும், ஆகவே இருப்பு முழுவதையும் எடுக்கப் பார்த்தால் போதுமான இருப்பு இல்லை என்றுதான் வரும். கையில் முழுத் தொகை வேண்டுமென்றால் எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெரிய தொகையென்றால் ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டு ரொக்கம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சம்பள நாளிலும் பண்டிகைக்கு முந்தின நாளிலும் எல்லாரும் எடுப்பதால் கல்லா சீக்கிரம் காலியாகிவிடும். சேவை மையத்தில் பொதுவாக ரொக்கம் அதிகம் இருக்கும், வரிசையும் அதே அளவு நீளமாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால், முழுவதையும் எடுக்க வேண்டுமா என்பதையும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். கடையிலேயே வாலட்டில் பணம் வாங்குகிறார்கள், மின் கட்டணமும் ரீசார்ஜும் அதிலேயே கட்டலாம் என்றால், அந்த அளவுக்குப் பணத்தை நோட்டாக மாற்றி அதற்கு ஒரு கட்டணம் கொடுப்பது வீண்.

கவுன்டரில்

இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் நீங்கள் தொடங்குவீர்கள்: மெனுவில் பணம் எடுப்பதைத் தேர்ந்தெடுத்து, ஏஜென்ட் எண்ணை அடித்து, தொகையை அடித்து, பின்னை அடிப்பீர்கள், ஆப் என்றால் கியூஆர் ஸ்கேன். இன்னொன்றில் ஏஜென்ட் அவருடைய போனில் தொடங்குவார், உங்கள் போனில் சம்மதமா என்று கேட்டு ஒரு செய்தி எழும்பும், நீங்கள் பின் அடித்து ஒப்புக்கொள்வீர்கள். எந்த முறையானாலும் பின் அடிக்கும் முன் திரையில் வரும் கடைப் பெயரையும் தொகையையும் நிதானமாகப் படியுங்கள். ஏஜென்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் ஊரின் மறுகோடியில் இருக்கும் கடைக்காரருக்குப் பணம் போய்விடும்.

என் யோசனை, பின் அடிக்கும் முன்பே ரொக்கத்தை எண்ணி மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கொடுக்கச் சொல்ல வேண்டாம், அவருக்கும் உறுதிச் செய்தி வந்தபிறகுதான் தருவார், அது நியாயம். ஆனால் கண் முன்னால் ரொக்கம் இருந்தால், பின் அடித்த பிறகு இப்போது பணம் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. முகம் சுளிக்கும் கடையில் எடுக்காதீர்கள். பின் அடித்த பிறகு இருவருக்கும் செய்தி வரும், அவருடைய நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்பார், அதில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் எண்ணுங்கள், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி.

பின்னை ஏஜென்டிடம் சொல்லக் கூடாது, போனை அவர் கையில் கொடுக்கவும் கூடாது. கண் சரியாகத் தெரியாத, மெனு படிக்க வராத பெரியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள், கொடுங்கள் நான் போட்டுத்தருகிறேன் என்று கேட்பது உதவி மாதிரியே இருக்கும், சில சமயம் உதவியாகவும் இருக்கும். ஆனாலும் வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவதுதான் சரி.

இன்னும் சில கடைத் தந்திரங்கள் தெரிந்திருக்கட்டும். ஒரே தொகையை இரண்டாகப் பிரித்து எடுக்கச் சொல்வார்கள், அதில் அவருக்குக் கமிஷன் கூடலாம், உங்களுக்குக் கட்டணம் கூடும். கழிந்த கட்டணம் போக கையிலும் கொஞ்சம் கேட்பார்கள், கேட்க அவருக்கு உரிமை இல்லை. நெட்வொர்க் சரியில்லை, இன்னொரு தடவை அடியுங்கள் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இரண்டாவது தடவை அடிக்கும் முன் இருப்பைப் பாருங்கள், முதல் தடவையிலேயே கழிந்திருந்தால் மறுபடி அடிப்பது இரட்டைச் செலவு.

சில இடங்களில் கார்டு இல்லாமல் ஏடிஎம்மிலும் எடுக்கலாம். மெனுவில் கேட்டால் ஒரு முறை மட்டும் செல்லும் குறியீடு வரும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே இயந்திரத்தின் முன் நின்றபிறகு கேளுங்கள். இருப்பில் கழிந்து நோட்டு வராவிட்டால் இயந்திரத்தின் எண், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு அங்கிருந்தே சேவை எண்ணுக்குப் பேசுங்கள்.

தவறி வந்ததாகச் சொல்லும் பணம்

தெரியாத ஒருவர் கூப்பிட்டு, உங்களுக்குத் தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று அழாத குறையாகப் பேசுவார். கூடவே ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும். இருப்பைப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் ஏறியிருக்காது. நிஜமாகவே ஏறியிருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், நிறுவனத்திடம் சொல்லி அவர்களே ரத்து செய்யட்டும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் திருப்பியும் அனுப்பி, அவர் நிறுவனத்தில் புகார் கொடுத்து ரத்தும் செய்தால் பணம் இரண்டு தடவை போகும். அதே நேரம் அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடவும் கூடாது.

உங்களுக்கு வந்த பணத்தை விடுவிக்க முதலில் கொஞ்சம் கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி. போனில் சிக்னல் காரணமில்லாமல் அடியோடு போய்விட்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்கிறதென்றால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டு வாலட்டை முடக்கச் சொல்லுங்கள்.

பின்னைச் சில தடவை தவறாக அடித்தால் வாலட் பூட்டிக்கொள்ளும், அடையாள அட்டையோடு போனால் திறந்துகொடுப்பார்கள். பிறந்த வருடத்தைப் பின்னாக வைக்காதீர்கள். பணத்தை விட்டுவைத்த சிம்மை மாதக்கணக்கில் தூக்கிப்போட்டும் வைக்காதீர்கள், பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் நடை அதிகம்.

பணம் எடுத்த செய்தியை உடனே அழித்துவிடாதீர்கள், அதில் இருக்கும் பரிவர்த்தனை எண் இல்லாமல் எந்தப் புகாரும் நகராது. ஏஜென்டோடு தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் சேவை எண்ணில் புகார் பதிந்து, அதற்கு ஒரு புகார் எண் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அடுத்து மேலே போகலாம், இந்தச் சேவைகளைக் கண்காணிப்பது பல நாடுகளில் மத்திய வங்கிதான், அங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது அந்தப் புகார் எண்ணைத்தான்.