ஜெர்மனில வேலை தேடுறீங்களா? காலேஜ் பேருக்காக பயப்படாதீங்க, முதல்ல அனாபின் பாருங்க

"அண்ணா நான் படிச்சது சின்ன காலேஜ், அங்க எடுப்பாங்களா"னு ஊர்ல இருந்து தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னத இங்க மொத்தமா எழுதிடுறேன். நம்ம ஊர்ல கிண்டியா, பி.எஸ்.ஜி.யா, இல்ல பைபாஸ் ஓரத்துல இருக்க காலேஜாங்கிறத வச்சே எந்த கம்பெனி கேம்பஸுக்கு வரும்னு முடிவாயிடும், அந்த பயம் மனசுலயே தங்கிடுது. ஜெர்மனில நான் பாத்த ஹெச்ஆர் பலபேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது, ஐஐடி பேர மட்டும் சிலர் கேள்விப்பட்டிருப்பாங்க. அவங்க முதல்ல பாக்குறது உங்க டிகிரிய அவங்க நாடு ஏத்துக்குதாங்கிறதுதான்.

அத பாக்குற இடம்தான் அனாபின். வெளிநாட்டு படிப்ப மதிப்பிடுற இசட்.ஏ.பி.ங்கிற அரசு அமைப்போட டேட்டாபேஸ் அது, காசு கிடையாது, ஆனா பக்கம் முழுக்க ஜெர்மன்லதான் இருக்கும், பிரவுசர்ல டிரான்ஸ்லேட் போட்டுக்கோங்க. இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, காலேஜ் பேர போட்டு தேடிட்டு வரலன்னதும் எல்லாம் போச்சுனு உக்காந்துடுறாங்க. டிகிரி சர்டிபிகேட்ட எடுத்து பாருங்க, பட்டம் குடுத்தது யாரு? இன்ஜினியரிங்ல அஃபிலியேட்டட் காலேஜ்னா அண்ணா யுனிவர்சிட்டி, ஆட்டோனமஸா இருந்தாலும் பட்டம் யுனிவர்சிட்டி பேர்லதான் வரும். அந்த பேர தேடுங்க. விஐடி, சாஸ்த்ரா மாதிரி டீம்டு யுனிவர்சிட்டினா அவங்க பேர்லயே தேடலாம். பேருக்கு பக்கத்துல ஹெச் ப்ளஸ்னு இருந்தா அங்கீகாரம் உண்டு, ஹெச் மைனஸ்னா இல்ல, ப்ளஸ் மைனஸ் ரெண்டும் இருந்தா அதுக்கான குறிப்ப படிச்சே ஆகணும்.

யுனிவர்சிட்டி மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, டிகிரிக்குனு தனி பகுதி இருக்கு, அதுல உங்க பி.இ.யோ பி.டெக்கோ ஜெர்மன் பட்டத்துக்கு சமம்னு இருக்கணும். ரெண்டுமே சரியா இருந்தா ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து விசா ஃபைல்ல வைங்க, அது போதும். யுனிவர்சிட்டியோ டிகிரியோ அங்க இல்லன்னா இசட்.ஏ.பி.கிட்டயே ஸ்டேட்மென்ட் ஆஃப் கம்பேரபிலிட்டி, அதாவது உங்க பட்டம் எந்த ஜெர்மன் பட்டத்துக்கு ஈடுனு சொல்ற சான்று, வாங்கணும், நான் பாத்தப்ப ஃபீஸ் 208 யூரோ. சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்றதுல இருந்து சில மாசம் இழுக்கும், அதனால ஆஃபர் வர்ற வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே ஆரம்பிங்க.

மார்க் விஷயத்துல ஒரு குழப்பம் வரும். அங்க 1தான் பெஸ்ட், 4 பாஸ். உங்க சிஜிபிஏவ 10ல இருந்து கழிங்க, அத 10ல இருந்து பாஸ் மார்க்க கழிச்சா வர்றதால வகுங்க, 3ஆல பெருக்கி 1 கூட்டுங்க. பாஸ் 5, நீங்க 8னா 2.2 வரும், அது நல்ல மார்க்தான். சி.வி.ல (ரெசியூம்ல) தேதி, வேலை அனுபவத்தோட இதையும் எழுதுங்க, "நாக் ஏ க்ரேட், ஸ்டேட்ல இத்தனாவது ரேங்க்" மாதிரி வரிய எடுத்துடுங்க, படிக்கிறவருக்கு அது புரியாது. அரியர் பத்தி என்கிட்ட இதுவரைக்கும் ஒரு இன்டர்வியூலயும் யாரும் கேட்டதில்ல.

இத விட முக்கியமானது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், இதுலதான் நம்ம ஆளுங்க ஏமாந்துடுறாங்க. நம்ம ஊரு கம்பெனி "இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் வேலை பாத்தார்"னு ரெண்டு வரில குடுத்துடும். ஜெர்மனில வேலைய விட்டு போகும்போது என்ன வேலை பாத்தாரு, எப்படி பாத்தாருனு விரிவா எழுதி வாங்குறது சட்டப்படி உரிமை, முதலாளிங்க அந்த மாதிரி லெட்டர பாத்தே பழகினவங்க. அதனால ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட உக்காந்து ப்ராஜெக்ட், டூல், டீம் சைஸ் எல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கிடுங்க. நான் வாங்காம வந்துட்டு அப்புறம் பழைய ஆஃபீஸுக்கு மெயில் மேல மெயில் போட்டு நாலு மாசம் அலைஞ்சேன், பதிலே வரல.

அனாபின் பாத்தா போதும்ங்கிறது டாக்டர், நர்ஸுக்கெல்லாம் பொருந்தாது, அவங்களுக்கு அங்க இருக்க ஜெர்மன் மாநில அரசோட லைசென்ஸ் தனியா வேணும், ஜெர்மன் மொழியும் கட்டாயம். ஐடில இருக்கவங்களுக்கு 2023 நவம்பர்ல இருந்து டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு (அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான பர்மிட்) வாங்க வழி இருக்கு, கடைசி 7 வருஷத்துல 3 வருஷ அனுபவம் காட்டணும், சம்பள வரம்பும் உண்டு. 2025ல ஐடி, இன்ஜினியரிங் மாதிரி ஆள் பத்தாத வேலைக்கு அந்த வரம்பு வருஷத்துக்கு 43,759.80 யூரோ, மத்ததுக்கு 48,300. இது வருஷா வருஷம் மாறும், அதனால ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து நம்பர பாத்துட்டு சம்பளம் பேசுங்க.